வென்றபின் அடித்தல்: துணுக்காயை முன்வைத்து ஒரு முடிப்பியல் ஆய்வு

சண்டை விளையாட்டுகளில் ஒருவன் தோற்ற பிறகும் அவனைப் போட்டு அடிப்பது ஏன் என்ற வினாவைத் தமிழாய்வு உலகம் தீண்டவே இல்லை. பல்கலைக்கழகங்கள் தீண்டாத பொருளை வன்னியிலுள்ள துணுக்காயில் ஓர் அம்மம்மா தீண்டிவிட்டார். பேரன் ரெலிபோனில் மோர்ட்டல் கொம்பாட் ஆடிக்கொண்டிருக்க, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர் கேட்டார்: "வெண்டிட்டான்தானே, பிறகேன் போட்டு அடிக்கிறான்?" பேரன் தலை நிமிரவில்லை. "அப்பதான் வடிவா இருக்கும் அம்மம்மா" என்றான். ஆய்வு வினாவும் ஆய்வு முடிவும் ஒரே மூச்சில் கிடைத்துவிட்டபடியால், இக்கட்டுரையாளருக்கு மிஞ்சியது இரண்டுக்கும் நடுவே உள்ள பக்கங்களை நிரப்புவது மட்டுமே. கலாநிதிப் பட்டங்களும் இதற்குத்தான் கொடுக்கப்படுகின்றன.

பொருளுக்கு முதலில் இலக்கணம் வேண்டும். தொல்காப்பியர் இதைப் பற்றி வாய் திறக்காமையால் நூற்பாவை நாமே செய்துகொண்டோம்:

வென்றபின் அடிப்பதும் வீழ்ந்தபின் மிதிப்பதும்
முடிப்பெனப் படூஉம் மொழியுங் காலே.

'வென்றபின்' என்றதனால், வெல்வதற்காக அடிக்கும் அடி எத்துணைக் கொடியதாயினும் முடிப்பு ஆகாது என்க. 'வீழ்ந்தபின்' என்றது நிற்பவனையும் தழுவும். என்னை? மோர்ட்டல் கொம்பாட்டில் தோற்றவன் உடனே விழுவதில்லை. தள்ளாடியபடி நின்று, தனக்கு நடக்கப்போவதற்காகப் பொறுமையோடு காத்திருப்பான் ஆதலின். ஈற்றேகாரம் அசை. வேலையெல்லாம் முடிந்த பிறகு, பொருள் ஏதுமின்றிக் கடைசியில் வந்து நின்று அழகு செய்வதால், அந்த ஏகாரத்தையே முடிப்புக்கு முதல் உதாரணமாகவும் கொள்ளலாம்.

இந்த இலக்கணம் உறுதியானதா என்று பாரதத்தில் உரசிப் பார்த்தோம். வீமன் கதாயுதத்தால் துரியோதனனின் தொடையில் அடித்தது முடிப்பு அன்று. அது விதியை மீறி வெல்வதற்காக அடித்தது. பலராமர் கொதித்து எழுந்ததும் அதற்காகத்தான். துரியோதனன் விழுந்து கிடக்கையில் அவன் தலையை வீமன் காலால் மிதித்தானே, அதுதான் முடிப்பு. ஒரே ஆள், ஒரே களம், சில நிமிட இடைவெளி; இலக்கணம் இரண்டையும் சுத்தமாகப் பிரித்துவிடுகிறது. வன்னியில் வீட்டுத் திண்ணைகளில் முந்நூற்றிநாலு ஆடும் பெரியவர்களிடமும் இது உண்டு. கையிலிருக்கும் துரும்பை இனி யாரும் வெட்ட முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகே அந்தச் சீட்டுப் பாயில் ஓங்கி அறையப்படும். வெல்லக்கூடிய சீட்டா என்ற சந்தேகம் இருக்கும்வரை அதை மெதுவாகத்தான் வைப்பார்கள்.

வரலாற்றைச் சுருக்கிவிடலாம். 1992இல் அமெரிக்காவின் சிக்காகோவில் மிட்வே என்ற நிறுவனத்துக்காக எட் பூன், ஜோன் டோபியஸ் என்போர் மோர்ட்டல் கொம்பாட்டை உருவாக்கினார்கள். காசு போட்டு ஆடும் பெட்டியாகத்தான் அது முதலில் வந்தது. இரண்டு சுற்று வென்றதும் திரை இருளும். முடித்துவிடு என்று ஒரு குரல் கட்டளையிடும். சில விநாடிகளே அவகாசம். சரியான தூரத்தில் நின்றுகொண்டு முன், கீழ், முன், பிறகு மேல்குத்து என்று ஒழுங்கு தவறாமல் அமத்தினால் சப்-சீரோ என்பவன் எதிராளியின் தலையை முள்ளந்தண்டோடு பிடுங்கி உயர்த்திக் காட்டுவான். கானோ நெஞ்சுக்குள் கைவிட்டு இதயத்தை எடுப்பான். இதற்குத்தான் ஃபேட்டாலிட்டி என்று பெயர். ஒரு பட்டன் பிசகினால் ஒன்றும் நடக்காது. அவகாசம் கழிந்து, தோற்றவன் தானாகவே பொத்தென்று விழுவான். வெற்றி வெற்றிதான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்நேரம் ஆடியவனின் முகத்தைப் பார்க்க வேண்டும். தீபாராதனைக்குக் கையை உயர்த்திய கணத்தில் கரண்ட் நின்றுபோன ஐயரின் முகம் அது.

பிறர் மதத்தை எடுத்துரைத்து மறுத்த பின்பே தன் மதத்தை நிறுவுவது சைவ நூல் மரபு. நமது பரபக்கத்தார் அமெரிக்க செனற் சபையினர். 1993 செப்டெம்பர் 13 அன்று இந்த விளையாட்டு வீட்டுக் கருவிகளுக்கு வந்து சேர்ந்தது. நின்ரெண்டோ நிறுவனம் தன் பதிப்பில் இரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியது (வயலில் நிற்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது). செகா நிறுவனம் இரத்தத்தை ஒளித்து வைத்து, ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று அமத்தினால் மட்டும் வரும்படி செய்தது. ஒளித்து வைத்ததே கூடுதலாக விற்பனையானது. டிசம்பர் 9ஆம் நாள் லீபர்மன், கோல் என்ற இரு செனற்றர்கள் விசாரணை வைத்தார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது அவர்களின் கட்சி. மறு ஆண்டே விளையாட்டுகளுக்கு வயதுக் குறி போடும் சபை ஒன்று அங்கே பிறந்தது.

அந்த டிசம்பரில் துணுக்காயில் மின்சாரம் இல்லை. ஆகவே மோர்ட்டல் கொம்பாட்டால் இங்கே ஒரு பிள்ளையும் கெட்டுப்போகவில்லை என்பதை ஆய்வு உறுதிப்படுத்துகிறது. மற்றவை நடந்தன. 2008இல் ஊரே எழும்பிப் போய், கிழக்கே கடற்கரை வரை நகர்ந்து, மெனிக்பாம் முகாமில் இருந்து, மிஞ்சியவர்கள் திரும்பி வந்தார்கள். அதைப் பற்றிப் பேச இக்கட்டுரைக்கு அருகதை கிடையாது. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம்: நாங்கள் கேட்டுப் பார்த்த தாய்மாரில் எவரும் திரையில் வரும் இரத்தத்தைக் குறையாகச் சொல்லவில்லை. டேற்றா முடிவதைத்தான் சொன்னார்கள்.

பரபக்கத்தாரின் பிழை வேறெங்கோ இருக்கிறது. முடிப்பைச் சண்டையின் உச்சம் என்று அவர்கள் கொண்டார்கள். சண்டை முடிந்துவிட்டதே! முடிப்பு என்பது சண்டை ஓய்ந்ததற்குச் செய்யும் சடங்கு. அடி அதன் வேடம். சடங்கென்றால் ஒழுங்கு வேண்டும், நேரம் வேண்டும், நிற்கவேண்டிய இடம் வேண்டும், பார்ப்பவர் வேண்டும். தனியே ஆடுபவன்கூட முடிப்புக்கு முன் "டேய், இஞ்ச பார்" என்று பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிறான். குத்துக்கும் உதைக்கும் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

இதைச் செனற்றர்கள் அறியாததில் வியப்பில்லை. அவர்கள் சூரன்போர் பார்த்ததில்லை.

ஐப்பசியில் கந்தசஷ்டி வரும்போது வன்னியில் காலபோக விதைப்பும் மழையும் ஒன்றாகவே நடக்கும். ஆறாம் நாள் பின்னேரம் சேற்றுக்காலோடு கோயில் வீதிக்கு வருகிற சனத்தில் யார் வெல்லுவார் என்று அறிய வருபவர் எவருமில்லை. முடிவு கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியார் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். இளந்தாரிகள் சூரனைத் தோளில் தூக்கி ஆட்டுவார்கள், முன்னே ஓடுவார்கள், பின்னே வருவார்கள், சனத்துக்குள் பாய்வதுபோல் காட்டிச் சிறுவர்களை அலற வைப்பார்கள். சுவாமி தூக்குவதற்குப் பக்தி போதும். சூரன் தூக்குவதற்கு மூச்சுப் பலமும் கொஞ்சம் குழப்படிக் குணமும் வேண்டும். யானைமுகம் கழற்றப்படும், சிங்கமுகம் பூட்டப்படும், பிறகு சூரனின் சொந்த முகம். ஒவ்வொரு தலைக்கும் வேல் ஒரு தடவை வந்து போகும். தோற்றவன் தள்ளாடுகிறான், வென்றவர் ஆறுதலாக வருகிறார், எல்லாரும் பார்க்கிறார்கள். சிக்காகோவில் திரையை இருட்டாக்கிப் பெற்ற விளைவை இங்கே பொழுதுபட்ட நேரமே கொடுத்துவிடுகிறது.

பாட்டாகப் பார்த்தால் ஒப்புமை இன்னும் இறுகும். 10,345 செய்யுள் கொண்ட கந்தபுராணத்திலும் கடைசி எதிரியை எடுத்த எடுப்பில் சந்திக்க முடியாது. தாரகன், பானுகோபன், சிங்கமுகன் என்று படிப்படியாகத் தாண்டியே சூரபன்மனிடம் போகலாம். மோர்ட்டல் கொம்பாட்டில் கடைசிக்கு முன் நிற்கும் கோரோவுக்கு நான்கு கை என்று பொடியள் வியந்து சொன்னார்கள். சிங்கமுகனுக்கு 1000 தலை, 2000 கை, வெட்ட வெட்ட முளைக்கும் வரமும் உண்டு என்றதும் ஒருவன் சிந்தித்துவிட்டு, "அவனுக்கு ரெலிபோன் தாங்காது அண்ணை" என்றான். கடைசி எதிரி சாங் சுங் மற்ற வீரர்களின் உருவெல்லாம் எடுப்பான். சூரனோ சக்கரவாகப் பறவையாகிறான், கடைசியில் கடல் நடுவே மாமரமாக நிற்கிறான். மரமாக நின்று அடிவாங்கும் வீரனை மிட்வே நிறுவனத்தார் கற்பனை செய்ததாகத் தெரியவில்லை.

இனி வருவதே ஆய்வின் கரு. 1993இல் வந்த இரண்டாம் பதிப்பில் நட்பு முடிப்பு ஒன்று சேர்த்தார்கள். கொல்லாமல், தோற்றவன் முன்னால் ஒரு வேடிக்கை காட்டிவிட்டுப் போகலாம். ஜாக்ஸ் என்ற முரடன் கடதாசியில் பொம்மை வெட்டிக் காட்டுவான். ஆனால் கடைசிச் சுற்றில் கையால் ஒரு குத்தும் விடாமல் காலால் உதைத்தே வென்றவனுக்குத்தான் இந்த நட்புக் கிடைக்கும். தோற்றவனைக் கைக்குழந்தையாக்கிவிடும் பேபாலிட்டியும் அதே பதிப்பில் வந்தது. 1995இல் மூன்றாம் பதிப்பு விலங்கு முடிப்பைக் கொண்டுவந்தது. அதைச் செய்ய ஒரு நிபந்தனை: தோற்றவனுக்கு முதலில் இரக்கம் காட்டி, கொஞ்சம் உயிர் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் மீண்டும் எழும்பிச் சண்டைக்கு வருவான். மறுபடி வென்றால்தான் விலங்கு.

கந்தபுராணத்து யுத்தகாண்டம் கேட்டவர்களுக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். முருகன் சூரனுக்கு விசுவரூபம் காட்டுகிறார். சூரன் உருகுகிறான், குழந்தை என்று நினைத்தேனே என்று தன் அறியாமையைச் சொல்லி நோகிறான். பிறகு அந்த ஞானம் மறைய, மறுபடி சண்டைக்கு எழும்புகிறான். வேல் மாமரத்தைப் பிளக்கிறது. ஒரு கூறு மயில், மறு கூறு சேவல். இரக்கம், மறுபடி சண்டை, வெற்றி, விலங்கு. ஒழுங்கு ஒரு பட்டன்கூட மாறவில்லை.

அற்றேல், அமெரிக்கர் நம்மிடமிருந்து களவெடுத்தார்கள் என்று சொல்லலாமே எனின், சொல்லலாகாது. அப்படிச் சொல்லும் கட்டுரைகள் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி உள்ளன. அன்றியும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அங்கே விலங்காவது வென்றவன். தோற்றவனைக் கடித்துக் குதறுகிறான். இங்கே விலங்காவது தோற்றவன். அவனுக்கு வேலை கிடைக்கிறது. 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்டவனுக்கு வாகனமும் கொடியும் பதவி இறக்கம் அல்லவா எனின், அன்று. முன்னைய பதவிக்கு முடிவுத் திகதி இருந்தது, இதற்கு இல்லை. சிங்கமுகன் அம்பாளுக்கும் தாரகன் ஐயனாருக்கும் வாகனமானார்கள் என்பதையும் சேர்த்தால், அந்தக் குடும்பத்தில் தோற்றவர் பலருக்கும் நிரந்தர நியமனம் கிடைத்திருக்கிறது. சூரன்போர் முடிந்து சனம் வீட்டுக்குப் போகும்போது ஒருவரும் சூரனுக்காகக் கவலைப்படாததற்கு இதுவே காரணம். மயிலைத்தான் நாளைக்கும் பார்க்கலாமே.

எல்லா முடிப்பும் இப்படி நன்றாக முடியும் என்று துணியவும் கூடாது. காத்தவராயன் கூத்தில் விடியப்புறம் வரும் கழுமரத்துக்காக இரவிரவாக விழித்திருக்கும் சனமும் இதே சனந்தான். 1992இன் முதல் பதிப்பில் பாலத்திலிருந்து எதிராளியைக் கீழேயுள்ள கூர்முனைகளில் தள்ளிவிடும் களம் ஒன்றுண்டு. அதைப் பார்த்த ஒரு கூத்துக்காரர், "இது கழுவை விடக் கெதியா முடியுது, பாட்டுக்கு இடமில்லை" என்று குறைப்பட்டார்.

கல்வி முறை பற்றியும் ஒரு வார்த்தை. முடிப்புக்கான பட்டன் ஒழுங்கு பெட்டியில் எழுதியிருக்கவில்லை. வாய்வழியாகவும் சஞ்சிகைகள் வழியாகவுமே பரவியது. புராண படனத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்வதுபோலவே மல்லாவி வீதி மதகிலும் ஒருவன் ஆட மற்றவன் "இப்ப கீழ, இப்ப முன்னுக்கு, கிட்டப் போகாத" என்று பயன் சொல்கிறான். சராசந்தனை எப்படிப் பிளப்பது என்று வீமன் திகைத்தபோது ஒரு துரும்பைக் கிழித்து, கால்மாடு தலைமாடாக எறிந்து காட்டிய கண்ணனே இத்துறையின் முதல் ஆசிரியர். பயன் சொல்பவன் ஒருநாளும் ஆடுவதில்லை என்பதும், ஆடுபவனை விட அவனுக்கே மதிப்பு அதிகம் என்பதும் இரண்டு மரபுக்கும் பொது.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. முருகனின் அண்ணனும் இதையே செய்தார். பிள்ளையார் தன் கொம்பையே ஒடித்து எறிய, மலைபோல் நின்ற கயமுகன் பெருச்சாளியாகி அவருக்கு வாகனமானான். நமது இலக்கணப்படி இதுவும் விலங்கு முடிப்பே. ஆனால் மயிலில் முருகன் ஏறுவது பொருந்துகிறது. பெருச்சாளியில் பிள்ளையார் ஏறுவது எந்த எடைக் கணக்கிலும் அடங்கவில்லை. இதை வவுனிக்குளக் கட்டில் இருந்த பொடியள் முன் வைத்தோம். கொஞ்ச நேரம் தங்களுக்குள் வாதிட்டார்கள். பிறகு அவர்களில் சிறியவன், பிழை எங்கள் வகைப்படுத்தலில்தான் என்று விளக்கினான்: "அவ்வளவு பெரிய ஆளை இவ்வளவு சின்னன் ஆக்கினா அது விலங்கு இல்லை அண்ணை. அது பேபாலிட்டி."