தொட்டவர் பொறுப்பு: சுற்றத்தார் கணினிப் பழுது குறித்த ஒரு சிற்றாராய்ச்சி

1. பாயிரம்

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தில், பாறையைக் குடைந்த குகையிலே ரங்கநாதப் பெருமாள் பள்ளிகொண்டது பல்லவர் காலந்தானா என்பதையும், அதற்கு அணித்தான திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் கல்வெட்டின் எழுத்து வட்டெழுத்தை எவ்வளவு நெருங்கியது என்பதையும் நுணுகி ஆராய்ந்த பேரறிஞர்கள், அக்குன்றுகளின் அடிவாரத்து வீடுகளில் பூப்போட்ட துணி போர்த்துக்கொண்டு கூடத்து மூலையில் வீற்றிருக்கும் கணினி என்னும் யந்திரம் ஏன் எப்போதும் விசேஷ நாளுக்கு முதல்நாளே நின்றுபோகிறது என்பதையும், நின்றுபோனதும் சென்னையிலோ பெங்களூரிலோ பிழைக்கும் தம்பிப் பிள்ளை ஒருவன் ஏன் அழைக்கப்படுகிறான் என்பதையும் ஆராயப் புகவில்லை. அக்குறையை ஒருவாறு நிரப்புவதே இச்சிற்றாராய்ச்சியின் பிரயோஜனம்.

கூலி பெற்றுப் பழுது நீக்குவோர் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானவர். செஞ்சிக் கடைத்தெருவில் அத்தொழில் வல்லார் உண்டு. ஆயினும் அவர்கள் காசு கேட்பார்கள் என்னும் ஒரே காரணத்தால் சுற்றத்தார் அவர்களை வைத்தியர்களாகவே அங்கீகரிப்பதில்லை.

2. பதவியின் பூர்விகம்

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ‘கம்ப்யூட்டர் படிச்சவன்’ ஒருவன் உளன். அவன் உண்மையில் படித்தது கட்டடப் பொறியியலாகவோ வணிகவியலாகவோ இருக்கலாம். ஏதோ ஒரு தீபாவளியில் யார் வீட்டிலோ பிடுங்கிக் கிடந்த பிளக்கைச் செருகியதொன்றே அவன் பட்டாபிஷேகத்துக்குப் போதுமானது.

இப்பதவி நூதனமானதன்று. வந்த தந்தியில் இருப்பது சாவுச் செய்தியா, வேலை உத்தரவா என்று தெரியாமல், ஆங்கிலம் படிக்கும் பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரையில், அழுவதற்கும் சர்க்கரை வழங்குவதற்கும் ஒருசேர ஆயத்தமாக வீட்டார் திண்ணையில் காத்திருந்த காலத்தில், அந்தப் பையன் வகித்த பதவியே இது. மணியார்டர் பாரமும் ரேஷன் கார்டு மனுவும் எழுதிக் கொடுத்தவனும் அவனே. 2013 ஜூலையில் தந்திச் சேவையை அரசு நிறுத்தியபோது தந்தி போயிற்று, பையன் போகவில்லை.

பரம்பரையாக வந்த பட்டாமணியமும் கர்ணமும் 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழிந்தபோது, வம்சாவளிப் பதவி என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களை விட்டே நீங்கிற்று என்று எல்லோரும் எண்ணினோம். அது நீங்கவில்லை, கச்சேரியை விட்டுக் கூடத்துக்குள் புகுந்துகொண்டது. 2011 செப்டம்பர் 15 முதல் அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கவே, மச்சு வீடு, ஓட்டு வீடு என்ற பேதமின்றி யந்திரங்கள் பெருகின. வைத்தியன் மட்டும் குடும்பத்துக்கு ஒருவனாகவே நின்றான். கர்ணத்துக்கேனும் மானியம் இருந்தது, ராஜினாமாக் கடிதம் கொடுக்க ஒரு மேலதிகாரி இருந்தார். இவனுக்கு இரண்டும் இல்லை.

3. பிரமாண விசாரம்

ஒரு பொருளை அறிதற்குரிய அளவைகள் காண்டல், கருதல், உரை என மூன்று என்பர் சைவ சித்தாந்திகள். சிங்கவரத்து யந்திரத்தைச் சென்னையிலிருப்பவன் காண்டல் இயலாது. காணாததைப் பற்றிக் கருதுவதும் அரிது. எனவே தொலைபேசி வழியாக வரும் உரை ஒன்றே அவனுக்குக் கதி. அவ்வுரையின் மாதிரி பின்வருமாறு:

“என்ன பண்ணீங்க பெரிம்மா?”

“நான் ஒண்ணுமே பண்ணலப்பா. அதுவா நின்னு போச்சி.”

“திரையில என்ன எழுதியிருந்துச்சி?”

“என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சி. மூடிட்டேன்.”

இவ்வுரையை ஆப்த வாக்கியமாகக் கொள்ளலாமா என்பதே விசாரத்துக்குரியது. பெரியம்மா பொய் சொல்லும் பிரகிருதி அல்லர். பஸ் கண்டக்டர் தவறிக் கொடுத்த சில்லறையை மறுநாள் அதே பஸ்ஸுக்காகக் காத்திருந்து திருப்பிக் கொடுத்தவர். அத்தகைய சத்தியசந்தர் கணினி விஷயத்தில் மட்டும் ஏன் தம் கை விரலையே மறுக்கிறார்?

திருக்குறளின் மருந்து அதிகாரம் வைத்தியத்தை நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என நான்கு கூறாக்க, உரையாசிரியர் பரிமேலழகர் அவ்வொவ்வொன்றையும் நந்நான்காக விரித்து, நோயுற்றவனுக்கு வேண்டுவனவற்றுள் ஒன்றாக நோயின் நிலையை உணர்த்துதலையும் வைத்தார். நம் வீடுகளில் இல்லாதது இஃதொன்றே. இல்லாமைக்குக் காரணம் அறியாமை என்பது பாமரர் கொள்கை. உண்மைக் காரணம், எழுதப்படாமலே எல்லா வீடுகளிலும் அமலில் இருக்கும் ஒரு சட்டமாகும். வெண்கலப் பானை ஓட்டையானாலும், கிணற்று மோட்டார் புகைந்தாலும், கடிகாரம் நின்றாலும், நம் வீட்டுப் பெரியவர் எழுப்பும் முதல் வினா “என்ன ஆச்சு?” என்பதன்று, “கடசியா யாரு தொட்டது?” என்பதே. கடைசியாகத் தொட்டவர் எவரோ அவரே உடைத்தவர். இவ்விதியை இனித் ‘தொட்டவர் பொறுப்பு நியாயம்’ என்று வழங்குவோம். இந்நியாயத்தின் கீழ் வளர்ந்த ஒருவரிடம் “என்ன பண்ணீங்க?” என்று கேட்பது வைத்தியன் கேட்கும் கேள்வியாகக் காதில் விழுவதில்லை, போலீஸ் ஸ்டேஷன் கேள்வியாகவே விழுகிறது, விடையும் அதற்கேற்ற விடையாகவே வருகிறது.

4. நோய் வகை

நோய்கள் எண்ணிறந்தன, ஈண்டு சிங்கவரத்தில் பிரத்யட்சமாகக் கண்ட சிலவற்றை மட்டும் கூறுவாம்.

அ) காலப் பிசகு. மின்கட்டணம் கட்டப் போனால் இணையதளம் ‘பாதுகாப்பற்றது’ என்று கதவடைக்கும். மூலையிலுள்ள கடிகாரமோ பல ஆண்டுகளுக்கு முந்திய ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியைக் காட்டும். யந்திரத்தின் தாய்ப்பலகையில் காலக் கணக்கைக் காப்பாற்றும் 3 வோல்ட் வட்ட பாட்டரி தீர்ந்தமையே காரணம். இணையதளங்களின் நற்சான்றுகள் தேதி பார்த்துச் செல்லுபடியாகின்றமையின், தேதி பிசகினால் எல்லாத் தளமும் பகையாகும். மெய்யாகவே எவரும் ஒன்றும் செய்யாத நோய் இஃதொன்றே. ஆதலின் இதில் மட்டும் “நான் ஒண்ணுமே பண்ணல” என்பது சத்தியமாகும். ஆனால் அப்போதும் எவரும் நம்புவதில்லை.

ஆ) இரட்டை ஆட்சி. விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், பாஸ் என்னும் நம் நாட்டு லினக்ஸும் சேர்ந்தே குடியிருந்தன. தொடங்குங்கால் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். காப்பிக்குப் பால் பொங்குகிறதென்று வீட்டார் உள்ளே போய்விட்டால் யந்திரம் தானே ஒன்றைத் தெரிந்துகொள்ளும். திரும்பி வந்தவர், பழகிய முகப்பைக் காணாது, “எல்லாம் அழிஞ்சு போச்சி” என்று அலறுவார். அழிந்தது ஒன்றுமில்லை, அறை மாறி நுழைந்தார், அவ்வளவே.

இ) சந்தன அந்தகம். ஆயுத பூஜைக்கு மறுநாள் தோன்றுவது. துபாயிலிருக்கும் மகன் வீடியோவில் அழைக்க, அவன் முகம் இங்கே தெளிவாகத் தெரியவும், இங்குள்ளார் முகம் அங்கே மங்கலான மஞ்சள் மூட்டமாக மட்டும் தெரியும். “கேமரா போயிடுச்சி, புது லேப்டாப்தான் வாங்கணும்” என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அருகில் போய்ப் பார்த்தபோது, திரையின் மேல்விளிம்பில் உளுந்தளவே உள்ள கேமராக் கண்ணின் நேர்மேல் விரல்நுனிச் சந்தனம் ஒரு பொட்டு, அதன் நடுவே குங்குமம் ஒரு புள்ளி, காய்ந்து வெடித்து, ரேகை பதிந்து, சாங்கோபாங்கமாக விளங்கிற்று. வேட்டித் தலைப்பை நனைத்து ஒரு துடைப்பு. மகன் அங்கிருந்து “இப்ப தெரியுது, இப்ப தெரியுது” என்றான். வைத்தது ஆயா என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வியாதி கண்ட நாள்முதல் எவரும் வாய் திறக்கவில்லை. ஆயாவோ, எதையோ தேடுபவர்போல எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். தொட்டவர் பொறுப்பு நியாயம் எண்பது வயதிலும் ஒருவரை எப்படி அச்சுறுத்துகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஈ) எழுத்துரு மயக்கம். பெரியப்பா தம் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையை ஒரு காலத்தில் கடையில் பாமினி எழுத்துருவில் அடிப்பித்துச் சேமித்திருந்தார். யந்திரத்தில் விண்டோஸைப் புதிதாக ஏற்றிய பிறகு அதைத் திறந்தால், ‘அம்மா’ என்றிருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குப்பை நின்றது. பழைய எழுத்துருக்கள் தமிழுக்கென்று தனி எண் கொள்ளாது, ஆங்கில எழுத்துக்களின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தவை. எழுத்துரு உள்ளமட்டும் தமிழாகத் தோன்றும், அது நீங்கினால் உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளிப்பட்டுவிடும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கு கண்டது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. பத்திரிகையை அடித்துக் கொடுத்த கடைக்காரருக்கு இவை இரண்டும் எட்டவில்லை. சந்திரநந்தி நோன்பிருந்த செய்தியை ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் குன்றின்மேல் ஏறி வாசிக்க முடிகிறது. பெரியப்பா மகளின் முகூர்த்த நேரத்தை அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகுமுன்பே வாசிக்க முடியாமற் போயிற்று. பாமினியை மீண்டும் நிறுவினால் தீரும் இந்நோய்க்குப் பெரியப்பா கண்ட நிதானம் வேறு: “நீ புது விண்டோஸ் போட்டியே, அன்னிக்குப் போனதுடா தமிழு.”

உ) படிப் பெருக்கம். அத்தை நிலத்தின் பட்டா, சிட்டா நகலை அரசுத் தளத்திலிருந்து இறக்கினார். பொத்தானை அழுத்தியும் கண்முன் ஒன்றும் வராமையால் மீண்டும் அழுத்தினார், வராமையால் மீண்டும். டவுன்லோட்ஸ் பெட்டகத்தைத் திறந்து பார்த்தால் அதே சிட்டா, அடைப்புக்குறிக்குள் ஒன்று, இரண்டு என்று எண் பெற்று, பங்காளிகள்போல வரிசையாக நின்றது. அதன்கீழ் மகனின் கல்லூரிச் சேர்க்கை மனு, அதன்கீழ் சமையல் படங்கள், அதன்கீழ் எவரும் உரிமை கோராத ஏதேதோ. கோன்களும் நாயக்கர்களும் பீஜப்பூராரும், 1677-இல் மராட்டியரும், 1698-இல் மொகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் ஒருவர்மேல் ஒருவராக ஆண்ட செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கி, ஒரு கல்லும் அசைக்கலாகாது என்னும் நிலைக்குக் கொண்டுவந்தது. அத்தை தம் பெட்டகத்துக்கு அந்த அந்தஸ்தை எப்போதோ வழங்கிவிட்டார். “எதயும் அழிச்சிடாதே மருமவனே, எதுல எது இருக்குதோ!”

ஊ) எச்சரிக்கை மறுப்பு. தேசிங்கு ராஜன் 1714-இல் ஆர்க்காட்டு நவாபோடு போருக்குப் புறப்பட்டு விடைபெற வந்தபோது, போகவேண்டாம் என்பதற்கு அறிகுறியாகச் சிங்கவரத்துப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர் வழக்கு. ராஜன் கேட்கவில்லை, களத்தில் மாண்டான். இத்தகைய ஊரிலே, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-க்குப் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா என்று திரையில் பலமுறை தோன்றிய எச்சரிக்கையை, மூலையிலிருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி அழுத்தி எல்லோரும் மூடினர். பெருமாள் சொல்லியே கேளாதவர்க்குப் பெட்டி சொல்லிக் கேட்க வேண்டுமென்பது என்ன நியாயம்?

5. நியாயத்தின் மறுமுனை

இதுகாறும் கூறியவற்றால், தொட்டவர் பொறுப்பு நியாயம் உறவினர் வாயை அடைத்தல் புலனாகும். அதன் மறுமுனை வைத்தியனைக் குத்துகிறது. ஒருமுறை யந்திரத்தைத் தொட்டுவிட்டவன், அந்த நியாயத்தின்படியே, அன்று முதல் அந்த யந்திரத்துக்கு நேரும் எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொட்டவன் ஆகிறான். “நீ வந்து பாத்துட்டுப் போனதிலேர்ந்துதான்” என்று தொடங்கும் வாக்கியம் இதன் சூத்திரம். அவன் பார்த்தது பிரின்டரை, பழுதானது இன்வெர்ட்டர், எனினும் பொறுப்பு அவனதே. பழுதைக் கேட்க அவன் போகிறான், போனால் தொடுகிறான், தொட்டால் பொறுப்பாகிறான், பொறுப்பாகவே மீண்டும் போகிறான். மானியமில்லாத இப்பதவி ஆயுட்பரியந்தம் நீடிப்பதன் ரகசியம் இந்த வட்டமேயன்றி, அவன் கல்வியன்று, அன்புகூட அன்று.

6. ஊதியம்

நோயாளிக்குப் பொருளுடைமையும் வேண்டும் என்பது பரிமேலழகர் கொள்கை. செஞ்சிச் சீமையில் அப்பொருள் மல்லாட்டை என்னும் நிலக்கடலையாக வெளிப்படும். சிறு பழுதுக்கு வேகவைத்தது ஒரு தட்டு. பெரும் பழுதுக்குப் பச்சையாக ஒரு பை, மேலே முருங்கைக்காய். பை கனக்கக் கனக்க, அடுத்த அழைப்பு அணித்தென்று அறிக.

7. முடிபு

யந்திரங்கள் பழையனவாவதையும் பாட்டரிகள் தீர்வதையும் எவராலும் தடுத்தல் இயலாது. தடுக்கக் கூடியது தொட்டவர் பொறுப்பு நியாயம் ஒன்றே. அதனைக் குடும்பந்தோறும் ரத்து செய்து, இதுவரை எதையேனும் அழுத்தியவர், மூடியவர், பிடுங்கியவர் அனைவர்க்கும் பொதுமன்னிப்பு வழங்க வேண்டும் என்பது இவ்வாராய்ச்சியின் துணிபு. தண்டனை இல்லையென்று தெரிந்த அன்றே பெரியம்மா திரையில் வந்ததை எழுத்துக் கூட்டியேனும் வாசித்துக் காட்டுவார். பாதிப் பழுது தொலைபேசியிலேயே தீர்ந்துவிடும்.

அதுவரையில் வாசகர்களை வேண்டுவன இரண்டு. திரையில் ஏதேனும் வந்தால் மூடுமுன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆயுத பூஜையன்று லேப்டாப்புக்குப் பொட்டு வைப்பவர்கள், கேமராவை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.