அன்றைய பசி, இன்றைய விளையாட்டு

தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட் ஊருக்கு வெளியே, சார்லஸ் இங்கல்ஸ் 1880-இல் அரசிடம் பதிந்த ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம் இன்று சுற்றுலா இடம். அவருடைய மகள் லாரா இங்கல்ஸ் வைல்டரின் கதைகளோடு வளர்ந்தவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் அந்த வாசகக் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் போனேன்.

அன்று இந்த நிலத்துக்குப் பதிவுக் கட்டணம் மட்டுமே. 1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்து காட்டினால் நிலம் சொந்தமாகும். இன்று இதே புல்வெளியில், கூண்டு வண்டியில் ஓர் இரவு தூங்கப் பணம் கட்டி முன்பதிவு செய்கிறார்கள்.

பிள்ளைகள் மக்காச்சோளத் தக்கையில் பொம்மை செய்கிறார்கள். லாராவின் முதல் பொம்மையும் வெறும் தக்கைதான். வேறு பொம்மைக்கு வழியில்லை. கொஞ்சம் தள்ளி, கையால் சுற்றும் அரவையில் கோதுமை அரைக்கிறார்கள். இரண்டு சுற்று, ஒரு சிட்டிகை மாவு, ஒரே சிரிப்பு.

அன்று அந்த அரவை விளையாட்டல்ல. 1880 அக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள் கடைசியில் ரயில் பாதையையே மூடின. அதன் பிறகு மறு ஆண்டு மே வரை ஊருக்குச் சரக்கு வரவில்லை. நிலத்தை விட்டு ஊருக்குள் ஒதுங்கியிருந்த இங்கல்ஸ் குடும்பம், நிலக்கரி தீர்ந்ததும் வைக்கோலை முறுக்கி எரித்தது; காப்பிக்கொட்டை அரைக்கும் அரவையில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டது. அந்தக் குளிர்காலம் தொடங்கியபோது லாராவுக்கு 13 வயது. லாராவின் நூலில் சிறுமியாகப் படித்தபோது எனக்கு அது சாகசக் கதை. அரவையின் கைப்பிடியைப் பிடித்தபோதுதான் ஒரு ரொட்டிக்கு எவ்வளவு கைவலி என்று உறைத்தது.

சார்லஸ் தன் மனைவிக்கும் நான்கு மகள்களுக்குமாக நட்ட காட்டன்வுட் மரங்களில் சில இன்னும் நிற்கின்றன. ஆனால் அவர் வேரூன்ற வந்த மண் அதற்கு முன் டகோட்டா என்னும் பூர்வகுடி மக்களுடையது. அவர்களை விலக்கித்தான் அது "இலவச" நிலமானது. லாராவின் நூல்கள் பூர்வகுடிகளைச் சித்தரித்த விதத்துக்காக, 2018-இல் அமெரிக்காவின் குழந்தைகள் நூலகச் சேவைச் சங்கம் தன் விருது ஒன்றிலிருந்து அவர் பெயரை நீக்கியது. அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். நூல்கள் மீதான என் பிரியம் அதனால் குறையவில்லை.

விளையாட்டு இருக்கட்டும். அரவையைச் சுற்றும் பிள்ளைக்கு, ஒரு குடும்பம் குளிர்காலம் முழுக்க இப்படி அரைத்துத்தான் பிழைத்தது என்பதையும், அந்தக் குடும்பத்துக்கு முன் இங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். இரண்டையும் தாங்கும் பலம் பிள்ளைகளுக்கு உண்டு.