துணி யானை எத்திணை?

தமிழ் இலக்கணம் உலகத்தை இரண்டே கூறாக்கி வேலையை முடித்துவிட்டது. மனிதர், தேவர், நரகத்தில் கிடப்போர் எல்லாம் உயர்திணை. மிச்சமிருப்பது அத்தனையும் அஃறிணை. காக்கைக்கும் கப்பலுக்கும் இதில் தகராறே இல்லை. தகராறு குண்டனுக்குத்தான். குண்டன் என்பது பினாங்கு லிட்டில் இந்தியாவில், குவீன் ஸ்ட்ரீட் மாடிவீடு ஒன்றில் பிறந்து, இப்போது ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் வசிக்கும் ஒரு துணி யானை. "குண்டன் தூங்குறான், மெதுவா பேசுங்க" என்கிறார் அந்த வீட்டுப் பாட்டி. "மாமா தூங்குறாரு" என்கிறாள் ஐந்து வயதுப் பேத்தி. இரண்டுமே உயர்திணை ஆண்பால்; இரண்டாவதில் மரியாதை வேறு. உள்ளே இருப்பதோ வெறும் இலவம் பஞ்சு. ஒரு குடும்பமே மூன்று தலைமுறையாக வழுவில் குடியிருப்பதைக் கண்டும் காணாமல் போவது ஆய்வுலகுக்கு அழகல்ல.

நன்னூலார் இதற்கு ஒரு சன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறார். உவப்பு மிகுந்து திணை தவறினால் குற்றமில்லை என்பது அவர் தீர்ப்பு. பசுவை அம்மை என்றழைத்து அதற்கேற்ற வினை கொடுப்பதை உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அந்த உவப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. தைத்து முடித்த நாளிலா, பெயர் வைத்த நாளிலா, பிள்ளை முதன்முதலில் கட்டிக்கொண்டு தூங்கிய இரவிலா? இக்கட்டுரையின் துணிபு (துணிக்கும் இதற்கும் உறவில்லை) இவற்றில் எதுவுமில்லை என்பது. பொம்மை முதல் தடவை கிழிந்து, மறுபடி தைக்கப்படும் அந்த நிமிடத்தில்தான் திணை மாறுகிறது.

முதலில் களம். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் லெபோ பாசாரும் பினாங்கு ஸ்ட்ரீட்டும் வந்துவிடுகின்றன. லெபோ பாசாரைக் கடைத்தெரு என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் உண்டு. சேலைக்கடை இருக்கும் இடத்தில் ரவிக்கை தைப்பவர் இருப்பார். ரவிக்கை தைப்பவர் இருக்கும் இடத்தில் வெட்டுத்துணி குவியும். கடைக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் தையல் மெஷினுக்குக் கீழே கிடக்கும் அந்தக் குவியல்தான் நம் ஆய்வுப் பொருளின் கருப்பை. அடைப்பதற்கு இலவம் பஞ்சு. மலாயில் கெக்காபு. இந்தப் பஞ்சின் இழை உள்ளே காற்றுக் குழாய், வெளியே மெழுகுப் பூச்சு. வழுக்கிக்கொண்டு போவதால் நூலாக நூற்பது பெரும்பாடு, தண்ணீரில் போட்டால் சட்டென்று நனையாது. அதனாலேயே கப்பல்களின் உயிர்காப்பு உடைகளுக்குள் இதை அடைத்து வைத்தார்கள். தலையணையிலிருந்து மிஞ்சியது யானைக்குள் போயிற்று. இலவு காத்த கிளிக்கு ஏமாற்றம் என்பது தமிழர் அனைவரும் அறிந்ததே. கிளி விட்டுப்போன பஞ்சில் யானை வயிறு வளர்த்த செய்தியை மட்டும் பழமொழிக்காரர்கள் கவனிக்கவில்லை.

இனி மாதிரி. இடது காது காஞ்சிப் பட்டின் மாம்பழ நிறக் கரைத் துண்டு. வலது காது பள்ளிச் சீருடைப் பினாஃபோரின் கருநீலம். உடம்பு பாட்டியின் வெளுத்த உள்பாவாடை; நாடா கோத்த மடிப்பு முதுகில் இன்னும் தெரிகிறது. கண்கள் சட்டைப் பித்தான்கள், ஒன்றுக்கு நான்கு ஓட்டை, மற்றதற்கு இரண்டு. ஆகவே யார் வந்து நின்றாலும் சந்தேகத்தோடு பார்க்கிற பார்வை. தும்பிக்கையில் பஞ்சு கட்டி தட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்குபோலத் தொங்குகிறது. முன்காலை அமுக்கினால் உள்ளே இலவங்கொட்டை ஒன்று நெருடும். இது யானைதான் என்பதற்கு ஒரே ஆதாரம் தைத்தவரின் வாக்குமூலம்.

இவ்விடத்தில் தொன்மை பேசாவிட்டால் தமிழாய்வு என்று யாரும் ஒப்பமாட்டார்கள். ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில், அம்மூவனார் பாட்டில், ஒருத்தி தான் கோரைப்புல் பாவையைப் பெற்றெடுத்ததாகவே சொல்லிக்கொள்கிறாள். சங்க காலத்திலேயே பொம்மைக்குப் பிள்ளை அந்தஸ்து இருந்தது என்று இதை வைத்து முழங்கலாம். அவள் சொன்னது மனக்கசப்பில், கணவன்மேல் கோபத்தில் என்பதை அடிக்குறிப்பில் தள்ளிவிடலாம். அப்படித்தான் செய்வது வழக்கம். மேலைநாட்டில் துணி விலங்குப் பொம்மையின் வரலாற்றை 1880 வாக்கில் ஜெர்மனியின் கீங்கன் ஊரில் தொடங்குவார்கள். சிறுவயதில் போலியோ கண்டு சக்கர நாற்காலியில் இருந்த மார்கரெட் ஸ்டைஃப், குண்டூசி குத்தி வைப்பதற்காகக் கம்பளித் துணியில் சின்ன யானை தைத்தார். பிள்ளைகள் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு யானையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். 1902இல் கரடியைச் சுட மறுத்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் பெயரால் டெடி கரடி பிறப்பதற்கு இருபது ஆண்டு முன்பே யானை வந்துவிட்டது. யானை என்று வந்தபின் நாம் உரிமை கோராமல் இருந்தால் நன்றாயிராது, கோரி வைக்கிறேன்.

துணிபுக்கு வருவோம். தைத்த புதிதில் குண்டனை வீட்டில் "அது" என்றுதான் சொன்னார்கள். பாட்டியின் சாட்சியம் இதில் தெளிவு: "அத எங்க போட்டே? கால்ல இடறுது." அந்த ஆண்டுத் தீபாவளிப் புகைப்படத்தில் யானை தரையில், முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. பிறகு ஒருநாள் மாடிவீட்டின் செங்குத்தான மரப்படியில் உருண்டு, ஆணியில் மாட்டி வயிறு கிழிந்தது. பஞ்சு படியெல்லாம் பறந்தது. அன்றிரவு விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு பாட்டி தைத்தார். பாட்டியின் மகள், அன்று சிறுபிள்ளை, அழுதுகொண்டே யானையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை முதல் கேள்வி: "அவன எங்க படுக்க வெச்சே?" அடுத்த தீபாவளிப் படத்தில் குண்டன் மடியில் இருக்கிறான். இதைவிடத் துல்லியமாகத் திணை மாற்றத்தை எந்த இலக்கணமும் தேதியிட்டதில்லை.

பேரங்காடியில் வாங்கிய கரடியும் கிழிகிறதே என்று மறுப்பர். கிழிகிறது, ஆனால் கிழிந்தால் இன்னொன்று வாங்கிவிடலாம் என்ற நினைப்பு வீட்டில் எல்லார் மனதிலும் இருக்கிறது, கரடிக்கும் அது தெரியும். பிள்ளைகள் இந்த மாற்று வேலையை ஏற்பதில்லை என்பதை உளவியலாளர்கள் ப்ரூஸ் ஹூட், பால் ப்ளூம் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். எதையும் அச்சு அசலாக நகலெடுக்கும் பெட்டி என்று ஒன்றைக் காட்டி, உன் பொம்மையின் நகல் வேண்டுமா, பழையதா என்று கேட்டார்கள். தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பொம்மை வைத்திருந்த பிள்ளைகள் பெரும்பாலும் பழையதைத்தான் கேட்டார்கள். சிலர் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. இதற்கு இரண்டு பேராசிரியர்கள் வேண்டியிருந்தது. லெபோ பாசார் தையற்காரர் ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும்.

அவரிடம் நடந்த உரையாடல் முக்கியச் சான்றாதலால் அப்படியே தருகிறேன்.

"தம்பி, காலு தொங்குது. கொஞ்சம் பாத்துக் குடுங்க."

"கறுப்பு நூலு ஏறியிருக்குக்கா. அதுலயே அடிச்சிரட்டுமா?"

"மெஷின்ல ஓட்டாதீங்க தம்பி, கையாலயே தைங்க. அவனுக்கு வலிக்கும்னு பிள்ளை சொல்லிவிட்டிருக்கா."

அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, பாதி தைத்த ரவிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையூசியைத் தேடினார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "காலுக்கெல்லாம் காசு வாங்குறதில்லக்கா, ரவிக்கைக்கு வாங்கிக்கிறேன்" என்றார்.

தைப்பது உறவாக்கும், துவைப்பது உறவைக் கெடுக்கும். 1951இல் லண்டன் குழந்தை மருத்துவர் வின்னிகாட் இரண்டாவதைத்தான் சொன்னார்: அழுக்கேறி நாற்றமெடுத்தாலும் பிள்ளை கட்டிக்கொள்ளும் பொருளைத் தாய் துவைக்காமல் விடுகிறாள், துவைத்தால் பிள்ளைக்குத் தொடர்ச்சி அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். மலேசியாவில் இதற்கு வின்னிகாட் தேவைப்படவில்லை. மலாய், சீன, தமிழ் வீடு எதுவானாலும் ஒரு பந்தால் பூசோக் இருக்கும். யாரையும் தொடவிடாத, நாறிப்போன, அந்த நாற்றத்துக்காகவே நேசிக்கப்படும் தலையணை. இந்த நாட்டில் இனபேதமின்றி ஒத்துப்போகும் விஷயங்களில் சாப்பாட்டுக்கு அடுத்தது இதுவாக இருக்கலாம். ஆனால் அதே வின்னிகாட், பிள்ளை வளர்ந்ததும் அப்பொருள் மறக்கப்படாமலும் துக்கப்படாமலும் ஒரு மூலைக்குப் போய்விடும் என்றார். அங்கேதான் அவரோடு எனக்கு வழக்கு.

2000ஆம் ஆண்டு பிறந்தபோது ஜார்ஜ்டவுனில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கி, நகரின் உட்பகுதியிலிருந்து பல குடும்பங்கள் வெளியேறின. குண்டனின் குடும்பமும் மூட்டை கட்டியது. அலமாரி, கட்டில், ஆட்டுக்கல் எல்லாம் லோரியின் பின்னால். முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போனவை மூன்று: முருகன் படம், நகைப்பெட்டி, குண்டன். வீடு மாறும்போது மடிக்கு வருவது எது என்பதே ஒரு குடும்பத்தின் உண்மையான உறுப்பினர் பட்டியல்; இதைக் குடிமதிப்புக்காரர்கள் கேட்பதில்லை.

மூலைக்குப் போக வேண்டிய வயதில் குண்டனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவனைக் கட்டிக்கொண்டு தூங்கியவளுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை. "தம்பி" என்று கூப்பிட்டதெல்லாம் குண்டனைத்தான். அவளுக்கு மகள் பிறந்ததும் கணக்கு தானாக முடிந்தது: அம்மாவின் தம்பி தாய்மாமன். காதுகுத்துக்கு ஒன்றுவிட்ட மாமா ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து வரவழைக்கப்பட்டு மடி கொடுத்தார். பிள்ளை அவர் மடியில் உட்காரச் சம்மதித்தது, குண்டன் தன் மடியில் உட்கார்ந்த பிறகே. இரண்டு மாமன்களில் யார் முறையான மாமன் என்ற கேள்வி அன்று எழாமலில்லை. ஆனால் மொய் நோட்டில் ஒரு வரி இருக்கிறது: குண்டன், தாய்மாமன், 11 வெள்ளி. எழுதியவர் பாட்டியின் தம்பி. ஆயுசு முழுக்கக் கடைக்கணக்கு எழுதியவர், அஃறிணையின் பெயரில் வரவு வைக்கிற ஆளில்லை.