எக்ஸ்புளோரருக்கு எட்டுச்செலவு

1995இல் பிறந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15இல் ஓய்வுபெற்றது. தென்கொரியப் பொறியியலாளர் ஒருவர் அதற்குக் கல்லறைக்கல்லே வைத்தார்: வேறு பிரவுசர்களைத் தரவிறக்க உதவிய நல்ல கருவியாம்.

எங்கள் ஊர் சல்லிக்கு இந்தச் சாவுச் செய்தியைக் கொண்டுவந்தவன் நான். எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம்; மண்ணெண்ணெய் வரிசையில் வெறுங்கானோடு நின்ற மாமா பதறிவிட்டார்.

"ஆர் மருமகன், நம்மட ஆளா?"

"இல்ல மாமா, பிரவுசர்."

"சரி, எட்டுச்செலவுக்குச் சொல்லு."

அன்றும் கரண்ட் போனது. லப்டொப்பில் 11 வீதம் சார்ஜ். அதற்குள் குரோமா, எட்ஜா என்று முடிவெடுக்க வேண்டும். பெரிய தெரிவுதான்! 2020இலிருந்து இரண்டுக்குள்ளும் ஓடுவது ஒரே குரோமியம். இரண்டு வள்ளம், ஒரே மாதிரி என்ஜின், பெயர் மட்டும் வேறு என்று மாமாவுக்கு விளக்கினேன்.

"என்ஜின் கிடக்கட்டும்," என்றார். "எண்ணெய் எங்க?"