மஞ்சள் விளக்கு நூற்பாவும் வடசென்னை உரையாசிரியர்களும்

இவ்வாய்வுக்குரிய நிலம் நெய்தல். காசிமேடு தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை கடலோரம்தான் என்பது ஒரு காரணம். நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல் இப்பகுதியில் இன்றளவும் வழுவாது நடந்துவருவது அதைவிட வலுவான காரணம். கார் வைத்திருக்கும் தலைவன் எவனாயினும் வீடு திரும்பியதும் "மைலேஜே குடுக்கல" என்று இரங்குகிறான். பெரும்பொழுது ஆறும் இதற்கு உரியவை. சிறுபொழுதாகிய எற்பாட்டில், துறைமுக வாயிலை நோக்கி லாரிகள் வரிசைகட்டும்போது இரங்கல் உச்சம் பெறும். கருப்பொருளில் சுறாவும் முதலையும் இருந்த இடத்தில் நாற்பதடிக் கன்டெய்னரைச் சேர்த்துக்கொண்டால் போதும், வேறு திருத்தம் வேண்டியதில்லை. 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்திலேயே நின்று பெட்ரோலுக்காக இரங்குவதை எத்துறையில் அடக்குவது என்பதை மட்டும் பின்னால் வருவோர் தீர்க்கட்டும்.

இனி மூலம். டாஷ்போர்டில் என்ஜின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு, அவ்வளவே. எழுத்தே இல்லாமல் நூற்றுக்கணக்கான பொருள் தரும் சூத்திரம் வேறு எம்மொழியிலும் இருப்பதாகத் தெரியவில்லை. கலிபோர்னியாவில் 1988 மாடல் கார்களுக்கு விதியாகி, 1996இல் அமெரிக்கா முழுதும் ஒரே வடிவம் பெற்று, நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் எளிய வடிவிலும் 2013 ஏப்ரலில் விரிந்த வடிவிலும் கட்டாயமானது. இந்த வரலாற்றில் மைலேஜுக்கு இடமே இல்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. விளக்கைக் கேட்டு வாங்கியவர்கள் புகைக்கு அஞ்சியவர்கள். புகை வரம்பு மீறக்கூடும் என்பதே அது சொல்ல வந்த செய்தி, நம் பர்ஸைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. விளக்கும் மைலேஜும் இரு வேறு நூல்கள். ஒன்றன் உரையை மற்றொன்றுக்குப் படிப்பதால்தான் பணம் போகிறது.

மூலத்தில் ஒரு பாடபேதம் உண்டு. விளக்கு நின்று எரிந்து, கூடவே சிவப்பு விளக்கு எதுவும் எரியாவிட்டால் வீடு வரை ஓட்டிப்போய் ஆராயலாம். மின்னி மின்னி எரிந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறி, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைக் கெடுக்கிறது என்று பொருள். ஓரங்கட்டுவதே முறை. இரண்டுக்கும் "ஓட்டு சார், ஒண்ணியும் ஆவாது" என்று ஒரே பொழிப்புரை தரும் மெக்கானிக்கை உரையாசிரியர் வரிசையில் சேர்ப்பதற்கில்லை.

உரை மரபுகளில் இன்று செல்வாக்குப் பெற்றது ஸ்கேனர் மரபு. கருவியை மாட்டியதும் பி 0171 என்று வரும். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். "ஆக்சிஜன் சென்சார் அவுட்டு சார்" என்கிறது உரை. மூலத்தில் அப்படி எங்குமில்லை. ரப்பர் குழாயில் விரிசல், காற்றளக்கும் சென்சாரில் அழுக்கு, சோர்ந்துபோன பெட்ரோல் பம்ப் என எதுவும் காரணமாகலாம். குறை கண்டு சொன்ன சென்சாரையே கழற்றி எறிவது, சாட்சி சொன்னவனைச் சிறையில் போடுவது. சென்சாரே பொய் சொல்லும் வழக்குகளும் உண்டு என்பதால் இந்த மரபு இன்னும் பிழைத்திருக்கிறது.

கழற்று மரபு இதனினும் பழைமையானது. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி உரிமையாளர் கையில் கொடுத்து, "நம்ம ஊரு வெயிலுக்கு இது இன்னாத்துக்கு சார்?" என்று கேட்பது அதன் தலையாய சூத்திரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. கொதிக்காத என்ஜின் நகராது என்பதைக் கண்ணால் கண்ட ஊரில் இப்படியொரு உரை எழுந்தது வியப்பே. பெட்ரோல் என்ஜின் தன் வேலைக்குக் கேட்பது சுமார் 90 டிகிரி. நம் வெயில் நாற்பதைச் சற்றே தாண்டும். என்ஜினின் பஞ்சாங்கத்தில் அக்னி நட்சத்திரமும் மார்கழிதான். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியே ஓடும், என்ஜின் சூடேறாது. வண்டி இப்போதுதான் கிளம்பியிருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். சில கார்கள் இதைக் கண்டுபிடித்து பி 0128 எழுதி விளக்கேற்றும். இரு நூல்களும் மெய்யாகவே சந்திக்கும் இடம் இது. ஆனால் கழற்றப்பட்டது அதற்குள் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

டெர்மினல் மரபினர் உரையே எழுதுவதில்லை, மூலத்தையே அழித்துவிடுவார்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து மாட்டினால் விளக்கு அணையும். இதன் அழகு விதியில் இருக்கிறது. பல பழுதுகளை அடுத்தடுத்த இரு பயணங்களில் கண்டால்தான் கம்ப்யூட்டர் விளக்கேற்றும். எனவே கூலி வாங்கியவரின் வாக்கு முதல் பயணம் வரை செல்லும். சங்கிலியாருக்குத் தந்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லை கடந்ததும் சுந்தரர் கண்ணொளி இழந்தார் என்கிறது பெரியபுராணம். ராயபுரத்தில் வாக்குப் பெற்ற கார் மறுநாள் அதே எல்லையில் ஒளி பெறுகிறது.

இரங்கலுக்கு வருவோம். நிலக்கரித் தூசி ஏர் ஃபில்டரை அடைத்ததால் மைலேஜ் போயிற்று என்பது இவ்வட்டாரத்தில் செவிவழி வந்த கொள்கை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது உயர்நீதிமன்ற உத்தரவால் 2011இல் நின்று எண்ணூருக்குப் போனது, கொள்கை போகவில்லை. கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஆதாரம் இருந்தது. இன்றைய கார்களில் அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைக்குமே தவிர மைலேஜை அவ்வளவாகத் தொடுவதில்லை என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இல் சோதித்துச் சொல்லிவிட்டது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் காரணம் என்ற வாதத்தில் உண்மை அதிகம். பத்து விழுக்காட்டுக் கலவைக்கு டியூன் செய்த பழைய கார், இருபது விழுக்காட்டில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் இழக்கலாம் என்பது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. பதினாறு கொடுத்தது பதினைந்தாகும். ஆனால் நம் தலைவன் இரங்குவது ஒன்பதுக்கு. எட்டு கிலோமீட்டர் ஓட அரை லிட்டர். கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் ஏசி போட்டு அரை மணி நின்றால், மணிக்குச் சுமார் முக்கால் முதல் ஒரு லிட்டர் கணக்கில், ஏறக்குறைய இன்னொரு 400 மில்லி. ஆக ஒன்பதுக்குக் கீழ். இதில் எரிய எந்த விளக்குக்கும் வேலையில்லை, எந்த உரைக்கும் கூலியில்லை. அதனால்தான் இந்தக் காரணத்தை எந்த ஷெட்டிலும் சொல்வதில்லை.

ஐயம் தீர ஒரே வழி டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி வகுப்பது. அதே பங்க், அதே பம்பு, தானாக நிற்கும் இடத்தோடு சரி. ஆனால் பம்பு நின்றதும் பையன் துப்பாக்கியை எடுக்காமல் திரும்பிப் பார்த்து, "ரவுண்டா போட்டுடவா சார்?" என்பான். நாமும் தலையாட்டுவோம். இவ்வாய்வின் பிழை வரம்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.