ஒழுக்கக் குழுவுக்கு மேல்சித்தாமூரிலிருந்து ஒரு விண்ணப்பம்

கல்லூரிகளின் ஒழுக்கக் குழுப் பெரியோர்களுக்கு,

டிசம்பர் 1 தோறும் நீங்கள் எய்ட்ஸை விரட்டும் அழகே தனி. பேரணி, ரங்கோலி, உறுதிமொழி, சட்டையில் சிவப்பு ரிப்பன். மாலைக்குள், மாணவர்களின் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கென்று இருக்கும் செஞ்சுருள் சங்கத்தின் ஆண்டு வேலை முடிந்துவிடும். ஆணுறை என்ற சொல் மட்டும் மேடை ஏறாது. பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாதல்லவா? நல்லவேளை, 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் உங்களைப் போன்ற குழு குறுக்கே வரவில்லை. எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், நம் பண்பாட்டை அண்டாது என்று பேசிக்கொண்டிருந்த காலம். அப்போது பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பாலியல் தொழிலாளர்களிடம் இரத்தம் சேகரித்து, வேலூர் சிஎம்சியில் சோதித்து, எச்.ஐ.வி. இங்கே வந்துவிட்டதை நாட்டுக்குக் காட்டிய செல்லப்பன் நிர்மலா ஒரு மாணவி. கிருமி இங்கே வந்ததையே கண்டுபிடித்துக் கொடுத்த மாணவர் இனத்துக்கு, அதைத் தடுக்கும் உறையின் பெயரைக் கேட்டால் மட்டும் புத்தி பேதலித்துவிடும் என்கிறீர்கள்.

சொல்லிக் கொடுத்தால் செய்து பார்ப்பார்கள் என்பது உங்கள் அச்சம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, பாலியல் கல்வியால் உறவுகள் பெருகுவதில்லை என்று 2018-இல் எழுதியது. விலகியிரு என்று மட்டும் போதிக்கும் பாடங்கள் பலன் தருவதில்லை என்றும் சேர்த்தே எழுதியது. அயல்நாட்டுச் சரக்கு வேண்டாமென்றால் நம் நாடாளுமன்றத்தின் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது. விழிப்புணர்வுத் திட்டங்கள் சான்றின் அடிப்படையிலும் வயதுக்கேற்றும் அமைய வேண்டும் என்கிறது அது. பதினெட்டு வயதானவர் ஓட்டுப் போட்டு அரசையே மாற்றலாம். அவர் வயதுக்கு ஏற்றது ரங்கோலிதானா?

பிரம்மச்சரியமே சிறந்த தடுப்பு என்பீர்கள். ஜைன மடம் இருக்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன், பிரம்மச்சரியத்தின் பெருமையை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் துறவிக்கு முழுமையான மகாவிரதம், இல்லறத்தாருக்கு அளவான அணுவிரதம் என்று சமணமே ஆளுக்கேற்றபடிதான் வகுத்தது. அதுவும் அவரவர் விரும்பி ஏற்கும் விரதம். சுற்றறிக்கை போட்டு வகுப்பு முழுவதற்கும் வழங்க முடியாது. விரதம் ஒருநாள் தவறினாலும், தொற்று ஏற்படாமல் காக்க மருந்து உண்டு. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதை அறியாத மாணவர் உங்கள் அடுத்த பேரணிவரை காத்திருக்க முடியுமா? ஆகவே ஆடைக் கட்டுப்பாட்டு அறிவிப்புக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு வழியையும் 1097 என்ற இலவச உதவி எண்ணையும் ஒட்டிவைக்க அனுமதி கோருகிறேன். ஆணுறை என்று எழுத மனம் வராவிட்டால் படம் வரைந்தாலும் சரி. ரங்கோலியில் தேர்ந்த கைகள் உங்களிடம் நிறைய.