செகண்ட் ஹேண்ட் போர்ஷே வாங்குதலும் வாங்காமையும்: ஒரு முன்னாய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், ஒரு காலத்தில் சென்னையில் அடுக்குமாடி வீடொன்றின் விலை கொடுத்து யாரோ எடுத்த போர்ஷே, பதினைந்து ஆண்டு கழித்து ஒரு புது இன்னோவாவின் விலைக்கு வந்து நிற்கையில், மாதச் சம்பளமும் நடுவயதும் உடைய ஒருவன் அதை வாங்கலாமா கூடாதா என ஆராய்தல் நுதலிற்று. இப்பொருள் குறித்து முன்னோர் நூல் செய்திலர். யானைக்கு இலக்கணம் வகுத்தனர். குதிரையை வாங்குமுன் சுழி பார்க்கச் சொல்லிக்கொடுத்தனர். கைமாறிய தேரை வாங்குவோன் எதைத் தட்டி எதைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லாமல் போய்விட்டார்கள். பாரி முல்லைக்குக் கொடுத்துவிட்டு வந்த தேரைப் பின்னால் யாராவது விலைக்குக் கேட்டார்களா என்பதற்கும் சான்று இல்லை. கேட்டிருந்தால், "ஒரே ஓனர் சார், ராஜா வண்டி, ஓடவே இல்ல, கொடி படர்ந்து நிக்குது" என்று பறம்பு மலை அடிவாரத்தில் ஒரு புரோக்கர் சொல்லியிருப்பார் என்பது திண்ணம்.

புரோக்கரின் வாய்மொழியே இத்துறைக்கு மூலபாடம். அது வழிவழியாக மாறாமல் வருவது, பாடவேறுபாடு குறைவு. "டாக்டர் வண்டி சார்" என்பது அதன் முதல் சூத்திரம். டாக்டர் வேகமாக ஓட்டமாட்டார், தேதி தவறாமல் சர்வீஸ் விடுவார், காசுக்குத் திணறாதவர் என்ற மூன்று பொருளும் இதில் அடக்கம். சென்னையில் விற்பனைக்கு வரும் டாக்டர் வண்டிகளை எல்லாம் கூட்டினால் ஊரில் அத்தனை டாக்டர்கள் இருக்கிறார்களா என்ற ஐயம் எழும். அது மருத்துவக் கவுன்சிலின் ஆய்வுக்குரியது, நமக்கு வேண்டாம். இரண்டாம் சூத்திரம் "இன்ஜின் கைபடாதது." மூன்றாவது, "பேப்பர் பக்கா." நான்காவதைப் புரோக்கர் வாயால் சொல்வதில்லை. சாவியைத் திருகி எஞ்சினை ஒருமுறை உறுமவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். வாங்க வந்தவனின் ஆராய்ச்சி அனேகமாக அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்விஃப்ட்டுக்கு இம்மூன்றும் நற்செய்தி. போர்ஷேவுக்கு அவ்வாறன்று. ஏன் அன்று எனின், காட்டுதும்.

தமிழ்நாட்டில் பழைய வண்டி வாங்கப் போகிற எவரும் முதலில் செய்வது பானட்டைத் திறந்து பார்த்தல். பார்ப்பவனுக்கு எஞ்சின் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இடுப்பில் கைவைத்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏதாவது ஒரு குழாயைத் தொட்டு "உம்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. இச்சடங்கு போர்ஷே முன் தோற்றுப்போகிறது. 911இன் பானட்டைத் திறந்தால் அங்கே ஒரு பெட்டி வைக்கும் குழிதான் இருக்கும், ஏனெனில் எஞ்சின் பின்புறத்தில். பாக்ஸ்டரும் கேமனும் இன்னும் ஒரு படி மேலே. முன்னால் திறந்தால் பெட்டிக் குழி, பின்னால் திறந்தாலும் பெட்டிக் குழி. எஞ்சின் இரண்டுக்கும் நடுவே, இருக்கைகளுக்குப் பின்னால், பார்வைக்கு அகப்படாமல் கிடக்கும். கருவறையை எட்டிப் பார்க்க முடியாமல் பிராகாரத்தை மட்டும் சுற்றிவிட்டு வந்தவன் கதைதான். இடுப்பில் வைத்த கையை எடுக்கத் தெரியாமல் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி அக்கருவறைக்குள் இருப்பது பற்றி. 911 வகையின் தொடக்கம் 1963. காற்றால் குளிர்விக்கும் எஞ்சினோடே அது முப்பது ஆண்டுக்கு மேல் காலம் தள்ளியது. 1997இல் வந்த 996 என்னும் மாடலில்தான் தண்ணீரால் குளிர்விக்கும் எஞ்சின் முதன்முறை ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த பாக்ஸ்டரோடு முன்பக்க முகத்தையும் அது பங்கிட்டுக்கொண்டது. அந்த முகப்பு விளக்கைப் பார்த்து 'பொரித்த முட்டை' என்று மேற்கே பழித்தார்கள். பழித்தவர்கள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே இன்னொரு பொருள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. எஞ்சினின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் பக்கம் கொண்டுசேர்க்க நடுவில் ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பால் பேரிங். கிரீஸ் அடைத்து சீல் வைத்தது. காலப்போக்கில் சீலைத் தாண்டி எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸை அலசிவிடும். பிறகு பேரிங் தேயும். தேய்ந்தது ஒருநாள் உடைந்தால் சங்கிலி தடம்புரண்டு, பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். உள்ளங்கைப் பொருள் ஒன்று எஞ்சின் முழுவதையும் கொண்டுபோய்விடும். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களை வைத்திருந்தவர்கள் இதற்காகக் குழு வழக்குத் தொடுத்து, அது சமரசத்தில் முடிந்தது.

இப்போது "கைபடாத இன்ஜின்" என்னும் சூத்திரத்தின் உரையைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. கைபடாத எஞ்சின் என்றால் அந்தப் பேரிங்கை யாரும் மாற்றவில்லை என்று பொருள். போர்ஷே புரோக்கர் சொல்லக்கூடிய வாக்கியங்களில் இதைவிடப் பயங்கரமானது இல்லை. "டாக்டர் வண்டி" என்பதும் அவ்வாறே. வாரம் முழுவதும் உறையில் மூடிக் கிடந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில் வரை போய்வந்த வண்டியைவிட, நன்றாக ஓட்டி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டியில் அந்தப் பேரிங் நீடித்து உழைக்கிறது என்பது இந்த எஞ்சினோடு பழகிய மெக்கானிக்குகளின் கட்சி. கிலோமீட்டர் குறைவு என்று மகிழ்கிறவன் இங்கே சற்றே நிதானிக்க வேண்டும்.

சங்கம் மூன்று என்பது போல இந்த எஞ்சினுக்கும் காலம் மூன்று. ஏறக்குறைய 2005 வரை முதற்காலம், பேரிங் சிறிது, அச்சம் பெரிது. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே பேரிங்கையும் மாற்றிவிடலாம் என்பது இக்காலத்துக்குரிய ஆறுதல். 2006 முதல் 2008 வரை இடைக்காலம். பேரிங் பெரிதானது, உடைவது அரிதானது, ஆனால் எஞ்சினையே பிளக்காமல் அதை வெளியே எடுக்க வழியில்லை. 2009 மாடலோடு கடைக்காலம் தொடங்குகிறது. புதிய எஞ்சின், அதில் இடைத்தண்டே கிடையாது. ஆய்தத்தையே நீக்கிவிட்டால் ஆய்தக்குறுக்கம் எப்படி வரும்? இம்மூன்று காலத்துக்கும் புறனடையாக நிற்பவை 996இன் டர்போவும், அதை அடுத்து வந்த 997இன் தொடக்ககால டர்போவும், இரண்டின் ஜிடி3யும். ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த அவற்றுக்கு இந்நோய் இல்லை. நோய் இல்லாமைக்கு உரிய விலையும் விளம்பரத்திலேயே தெரியும்.

எஞ்சினை விட்டு ஓட்டியவனிடம் வருவோம். முந்தைய முதலாளியின் குணம் என்ன என்று புரோக்கரைக் கேட்பது வீண். வண்டியையே கேட்கலாம். கியரை ஏற்றப் போகிறவன் கைதவறி நாலுக்குப் பதில் இரண்டில் தள்ளிவிட்டால், எஞ்சின் தாங்கக்கூடிய சுழற்சியைத் தாண்டிச் சுழலும். சக்கரமே எஞ்சினைச் சுற்றுவதால் அங்கே எந்த மின்னணுக் கட்டுப்பாடும் குறுக்கே வரமுடியாது. ஆனால் வண்டியின் கம்ப்யூட்டர் அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளும், எஞ்சினுக்கு அப்போது எத்தனை மணி நேர வயது என்பது உட்பட. 996 இக்குற்றத்தை இரண்டு தரமாகப் பிரித்தது, 997 ஆறாகப் பிரித்தது. உரிய கருவியை மாட்டினால் எல்லாம் வெளியே வரும். சித்திரகுப்தனின் ஏட்டுக்கு இவ்வளவு நம்பகமான பிரதி வேறில்லை. கருவி மாட்ட விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே போதிய சான்று, மேற்கொண்டு வாதம் வேண்டியதில்லை.

பேட்டரி பற்றி ஒரு தத்துவச் சிக்கலும் உண்டு. 997இல் பேட்டரி இருப்பது முன் பானட்டுக்குள். பானட் திறப்பது மின்சாரத்தால். பேட்டரி தீர்ந்துவிட்டால் பானட் திறக்காது, பானட் திறக்காவிட்டால் பேட்டரியைத் தொட முடியாது. இந்த அந்யோன்யாசிரய தோஷத்தை ஷ்டுட்கார்ட்டுக்காரர்களே உணர்ந்து, காலடியில் உள்ள ஃப்யூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு முனையை வைத்தார்கள். வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுத்தால் பூட்டு திறக்கும். மாதக்கணக்கில் நகராத டாக்டர் வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு இது மனப்பாடம்.

சென்னைக்கே உரிய இன்னொரு சோதனை, வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அடித்தளப் பார்க்கிங்குகளில் மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போகவில்லை. தரையிலிருந்து அரைச் சாணே உயர்ந்த வண்டிக்கு முழங்கால் தண்ணீரே பிரளயம். சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். பாலிஷ் போட்டவன் அவ்வளவு தூரம் இழுத்திருக்க மாட்டான், வண்டல் கோடு அங்கே இருக்கும். டயரையும் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்த்தது. பட்டன் தேயாமல் புதிது போலத் தெரியும் டயர் பத்து வயதுக் கிழவனாக இருப்பது இவ்வகை வண்டிகளில்தான் சகஜம்.

"பேப்பர் பக்கா" என்பதைச் சுருக்கமாகவே பார்ப்போம், ஏனெனில் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. டெல்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தபின், அங்கே வயதாகும் வண்டிகள் தெற்கு நோக்கி இறங்கின. விலை மலிவாகத் தெரியும். அந்த ஆர்டிஓவின் தடையின்மைச் சான்று, இங்கே புதிதாகக் கட்டவேண்டிய சாலை வரி, 15 ஆண்டு முடிந்திருந்தால் எஃப்சியோடு மறுபதிவு என்று கூட்டிப் பார்த்தால் மலிவு மெல்ல வடக்கே திரும்பிப் போயிருக்கும். அயல்நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த வண்டி என்றால் சுங்க ரசீதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாக வந்த சொகுசு வண்டிகளைத் தேடிக் கேரளத்தில் சுங்கத் துறை இறங்கியபோது, சினிமாக்காரர்களின் வீட்டு வாசலிலேயே அதிகாரிகள் வந்து நின்றார்கள்.

சுங்கம் என்றதும் இந்தியாவின் புகழ்பெற்ற செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் காரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிராட்மேனின் 29 டெஸ்ட் சதங்களைச் சமன்செய்ததற்காக 2002இல் டெண்டுல்கருக்கு ஃபெராரி 360 மொடேனா பரிசாக வந்தது. ஷூமாக்கர் கையால் சாவி. அதற்கு ரூ. 1.13 கோடி சுங்கவரி விலக்கு என்றதும் நாடே கொதித்தது, கடைசியில் ஃபியட் நிறுவனமே வரியைக் கட்டியது. 2011இல் அந்த வண்டியை சூரத்தைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர் வாங்கினார். "டாக்டர் வண்டி" என்னும் சூத்திரம் அடையக்கூடிய உச்சம் அதுவே. நமக்கு வாய்ப்பது டாக்டர்தான்.

வாங்கியபின் ஓட்டுவது எங்கே? 997 காரேரா நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 5 வினாடியில் தொடும். உச்சம் 285. விரைவுச்சாலைகளில் 120 வரை போகலாம் என்று மத்திய அரசு 2018இல் உயர்த்திய வரம்பைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் ரத்துசெய்தது. ஆகவே சட்டத்துக்கு உட்பட்ட பேரின்பம் ஐந்து வினாடியை ஒட்டி முடிகிறது. ஈசிஆரில் ஞாயிறு விடியற்காலையில் அந்த ஐந்து வினாடிக்காக மாமல்லபுரம் வரை போய், இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த இலக்கணம் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீ. நம் தெருக்களில் உயரத்தில் இலக்கணத்தை மிஞ்சி, அகலத்தில் அதை மறந்த புதுக்கவிதைகளே அதிகம். அதன்மேல் நேராக ஏறக்கூடாது, மூலைவாட்டாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். 285 கிலோமீட்டர் வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் நகர்வதைப் பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் பொறுமையாகப் பார்ப்பதில்லை.

இனி விலை. இக்கட்டுரையின் கருத்து இதில்தான் இருக்கிறது. விலை இருவகைத்து, வண்டியின் விலையும் அதன் உறுப்புகளின் விலையும். முன்னது ஆண்டுக்கு ஆண்டு தேயும், பின்னது தேயாது. பிரேக் டிஸ்க்குக்கு வண்டியின் வயது தெரியாது, அதற்கு எப்போதும் ஷோரூம் விலைதான். மஞ்சள் காலிப்பர் கண்ணில் பட்டால் அது பீங்கான் கலவை பிரேக் என்று பொருள். சுற்றி நிற்பவர்கள் படம் பிடிப்பார்கள், வாங்குகிறவன் மனக்கணக்குப் போட வேண்டும். புதுப்பேட்டையில் கிடைக்காத பாகம் உலகில் இல்லை என்பது சென்னைக்காரரின் மதம். அம்பாசடருக்கு அது உண்மை, 911க்கு அங்கே அனுதாபம் கிடைக்கும், டீயும் கிடைக்கும். முதல் முதலாளி ஒரு பெரிய தொகையைக் கொடுத்து அதில் பாதி சுகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதியை அடுத்து வருபவன், அதே பழைய விலைவாசியில், உறுப்பு உறுப்பாகக் கட்டித் தீர்க்கிறான். இன்னோவா விலைக்குக் கிடைத்தாலும் அது இன்னோவா ஆகிவிடாது.

ஆகவே இந்த ஆய்வாளரின் துணிபு: கடைக்காலத்துக் கேமன், அதாவது 2009 மாடலோ அதற்குப் பிந்தியதோ. சர்வீஸ் ரசீதுகள் கோப்பாக இருக்க வேண்டும், லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்க விட வேண்டும். கேட்கிற விலையில் மூன்றில் ஒரு பங்கு தனியாக வங்கியில், வேறு எதற்கும் எடுக்காமல், கிடக்க வேண்டும். அந்தப் பங்கு இல்லாதவன் ஈசிஆர் ஓரத்தில் நின்று பார்க்கலாம், சத்தம் இலவசம்.

தீராத ஐயம் ஒன்று எஞ்சுகிறது. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜை போடுகையில் சக்கரத்துக்கு எத்தனை எலுமிச்சம்பழம்? 997 காரேரா எஸ்ஸின் முன் டயர் அகலம் 235 மி.மீ., பின் டயர் 295. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு இரண்டு என்பது ஒரு கட்சி. தள்ளுவது பின்சக்கரமாதலால் அங்கே வைத்தால் போதும் என்பது மற்றொன்று. எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பதே என் கட்சி. அந்த வண்டிக்குக் கோயம்பேட்டு விலையில் கிடைக்கிற ஒரே உதிரிபாகம் அதுதான்.